ஒரு பீப்

மாங்குளத்தில் பஸ் இறக்கிவிட்ட பெட்டிகள் நாலு.
ஒட்டுசுட்டான் மட்டும் அடுத்த பஸ்ஸில்
மதர்போட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்துச் சீற்றுக்காரர்
கேக்கோ பிள்ளை என்றார்.
ஓம் என்றேன்.

மேசையை அறையின் நடுவுக்கு இழுத்து
வெள்ளை விரிப்புப் போட்டேன்,
விழுகிற ஆணி தெரியவேணும்.
யன்னலைச் சாத்தினேன், செம்மண் வராமல்.
தண்ணீர்க் குழாயை ஒருதரம் தொட்டேன்,
உடம்பிலிருக்கிற மின் இறங்கட்டும்.

ஆறு வருஷம் முகமாலையில் முழங்காலில் நின்று
மண்ணை விரலகலம் விரலகலமாக வழித்தவளுக்கு
இது பெரிய வேலையில்லை.
பிராசெசரின் மூலையில் சின்ன முக்கோணம்
சொக்கற்றின் மூலையிலும் அதே முக்கோணம்
வைத்தேன், அழுத்தவில்லை.
கம்பியை மடக்க
நறுக்.
அதற்கு மட்டும்
முதுகு தானாகப் பின்வாங்கியது.

எட்டு மணிக்குச் சுவிச்சைத் தட்டினேன்.
விசிறி சுழன்றது,
திரை கறுப்பு, சத்தமும் இல்லை.
நல்லது என்று கதிரையில் சாய்ந்திருந்தேன்
ஒரு நிமிஷம், கூடவும் இருக்கலாம்.

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன்:
எல்லாம் சரியென்றால் ஒரு பீப் வரும்.

எனக்குப் பழக்கியது வேறு.
ஹெட்போன் பேசாதிருந்தால் முன்னே போகலாம்.
பீப் என்றால் நில்.
குந்து. சிவப்புக் குச்சியை நடு.
மீன்ரின் மூடியாயிருக்கும்,
குடைக்கம்பியாயிருக்கும்,
அல்லது.

மெமறியைக் கழற்றித் துடைத்து
இரண்டு முனையும் கடிக்கும்வரை அமர்த்தினேன்.
இந்தமுறை வந்தது, ஒன்று, மெல்லியதாய்.
என் வலது கை அந்தரத்தில் நின்றது.
அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு
இறக்கி வைத்தேன்.

யென்ஸ் என்றொரு பயிற்றுநர்
ஊருக்குப் போகும்போது விட்டுப்போன டிஸ்க் அது.
அரைவாசி அவன் நாட்டுக் குளத்துப் பறவைப் படங்கள்
அரைவாசி பரோக்.
பத்தரை மணி இடைவேளையில்
கலிஸ்ராவின் போனில்
ஆளுக்கொரு காதாக மாட்டிக் கேட்போம்.
இடது எனக்கு, வலது அவளுக்கு.
தலைக்கவசத்தை மடியில் கவிழ்த்து
பிஸ்கற்றை அதற்குள் போட்டுத் தின்றபடி.

இரண்டு வயலின் உள்ள ஒரு துண்டு.
நடுவில் நிக்குதடி என்பேன்.
விசரி, அப்பதான் துடங்குது என்பாள்.
இதற்காக ஒருமுறை
மதியம் மட்டும் கதைக்காமலிருந்தோம்,
இருபத்தைந்து மீற்றர் இடைவெளியில்
ஆளுக்கொரு ஒழுங்கையில் குனிந்தபடி.

இன்று இரண்டு காதுக்கும் மாட்டினேன்.
செலோ கீழே நடக்கிறது,
அவசரமில்லாத கால், வயல் வரம்பில் போகிறமாதிரி.
ஹாப்சிகோட்டின் தந்தி
சில்லறை எண்ணுகிறது.
என் வயலின் வந்தது. ஒவ்வொரு வளைவும் தெரியும்.
நிற்கிற இடத்தில் நின்றது.

வலப்பக்கம் ஒருவர் மூச்செடுத்தார்,
கதிரை கிறீச்சிட்டது,
மற்ற வயலின் பதில் சொன்னது.

ஆறு வருஷமாக
கேள்வியை நான் வைத்திருந்திருக்கிறேன்
பதில் அவளிடம் இருந்திருக்கிறது,
ஒரு முழ வயர் இடையில்.

கலிஸ்ரா இப்போது கிளிநொச்சியில்
தையல் ஆலையில், இரவு முறை.
போனை அலுமாரியில் பூட்டி
விடியத்தான் கொடுப்பார்கள்.
ஆனாலும் எடுத்தேன்.
மணி போனது, போனது.
பத்துத் தரம் எண்ணினேன்.

பிறகு ஹெட்போனைக் கழற்றித்
திருப்பி மாட்டினேன், இடம் வலமாக,
அவள் காதில் இருந்தது என் காதுக்கு வர.
முதலில் வெறும் செலோ.
காத்திருந்தேன்.
அவள் சொன்னது சரி,
அப்போதுதான் தொடங்குகிறது.